ஐந்தாவது எபிசோடில் வரும் அப்பா

மதுரையில் நடக்கிறதாக எடுக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திருநகரில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். அரிவாளை நான் பார்த்ததெல்லாம் இளநீர்க் கடையில்தான். படத்தில் பார்த்தால், பால் வாங்கப் போகிறவன்கூட முதுகில் ஒன்றைச் செருகிக்கொண்டு போகிறான். போன மாதம் ஒரு படத்தில், பெரிய மனிதர் ஒருவர் காதுகுத்துக்கு ஆறு வண்டியில் வந்து இறங்குகிறார். இறங்கிய ஐந்தாவது நிமிடம் பந்தி ரத்தக்களறி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கடைசி வரை காட்டவில்லை. எனக்கு அந்தக் கவலைதான் இருந்தது.

வெப் சீரிஸ் என்று வருகிறதே, அது இன்னொரு கொடுமை. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு டியூப் லைட் எரியாது. எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து, தொண்டைக்குள்ளேயே பேசுவார்கள். சமயநல்லூரில் பஸ் ஏறி பெரியார் நிலையத்தில் இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற கதையை எட்டு எபிசோடுக்கு இழுப்பார்கள். எட்டாவதில் கொலைகாரன் யார் என்று தெரியும்போது, செத்தவன் யார் என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும்.

இதையெல்லாம் நான் மனதுக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். தப்பைக் கண்டால் சுழிக்காமல் விட முடியாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்துக்குப் படம் மார்க் போடுவேன். இதுவரை ஒன்றும் பாஸாகவில்லை.

என் மகள் வங்கி வேலையை விட்டுவிட்டு, சினிமாவில் எழுதப்போகிறேன் என்று சென்னைக்குப் போனவள். அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்குப் பிறகு ஒன்றேகால் வருடமாக வீட்டுக்கு வரவில்லை. அம்மாவோடு தினமும் போனில் பேசுவாள். நான் எடுத்தால், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, அவ்வளவுதான். எந்தப் படத்தில் வேலை செய்கிறாள் என்று நானும் கேட்டதில்லை. கேட்டால் தோற்றுப்போன மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு வீம்பு.

போன புரட்டாசியில் அவளே என்னைக் கூப்பிட்டாள். புதிதாக ஒரு சீரிஸ் வந்திருக்கிறது, மதுரைக் குடும்பம், நம்மைப் போலவே வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், முழுசாகப் பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறதோ அதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றாள். தீபாவளிக்கு வருகிறாயா என்று கேட்டேன். நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகு அதைச் சொல்கிறேன் என்றாள்.

அவள் வருவதே இதில்தான் இருக்கிறது என்று புரிந்ததால், நானும் என் மனைவியும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஒவ்வொரு எபிசோடிலும் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், தாண்டிப் போகிற பொத்தானை அமுக்கிவிடுவேன். யார் விளக்குப் பிடித்தார்கள், யார் தலை சீவிவிட்டார்கள் என்பதெல்லாம் நமக்கு எதற்கு என்பது என் கட்சி.

சும்மா சொல்லக்கூடாது, நான்கு எபிசோடு நன்றாகவே இருந்தது. அரிவாள் இல்லை. டியூப் லைட் எரிந்தது. வெளி ஆட்கள் வந்தால் தமிழ், அவர்கள் முன்னாலேயே குடும்ப விஷயம் என்றால் சட்டென்று வீட்டு மொழி என்று எங்கள் ஆட்கள் மாறுவதை அப்படியே பிடித்திருந்தார்கள். முதல்முறையாக பாஸ் மார்க் போடலாமா என்று யோசித்தேன்.

ஐந்தாவதில் கெடுத்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் கல்லூரித் தோழி, ஹாஸ்டலில் இருக்கிறவள், சாப்பிட வருகிறாள். அப்பன்காரன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மனைவியிடம் வீட்டு மொழியில் சொல்கிறான்: “மூணாவது தோசைக்குப் போகுது பாரு. அவ வீட்டுல சோறே போட மாட்டாங்களோ?” அந்தப் பெண் அவர்கள் மகளிடம் பழகிப் பழகி அந்த மொழியைக் கற்றுக்கொண்டவள். தட்டில் விழுந்த தோசையைத் தொடாமல் எழுந்து கை கழுவிவிட்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பிறகு அந்த வீட்டுக்கு அவள் வருவதே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்கும் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மீதியையும் பார்த்து முடித்து, அன்று சாயங்காலமே, என் மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மகளைக் கூப்பிட்டேன். எங்கள் மொழியில் அரை மணி நேரம் விளாசினேன். வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே இப்படிப் பேசுகிறவன் மனிதனா என்று கேட்டேன். சாப்பிடுகிற பிள்ளையின் தோசையை எண்ணுகிற அப்பன் நம் ஆட்களில் எவன் இருக்கிறான், இதை எழுதினவனுக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும், நம்மை அசிங்கப்படுத்த வேண்டும் என்றே எழுதியிருக்கிறான் என்றேன். ஐந்தாவதுக்கு முட்டை மார்க் என்றும் சொன்னேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மகள் தமிழில் பேசினாள். என்னோடு அவள் தமிழில் பேசினதே கிடையாது.

“எழுதுனது ரெண்டு பேருப்பா. ஒருத்தி நான். இன்னொருத்தி, நம்ம வீட்டுல மூணாவது தோசையத் தொடாம எந்திரிச்சுப் போனவ. பக்கத்துலதான் உக்காந்திருக்கா. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன்.”

என் மகளோடு கல்லூரியில் படித்த சோழவந்தான் பெண். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். வரும்போதெல்லாம் ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்து கொடுப்பாள். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டீர்களா என்று மகளிடம் நானேதான் கேட்டேன். அவள் பேச்சை மாற்றினாள், நானும் விட்டுவிட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னது எனக்குச் சத்தியமாக நினைவில்லை. ஆனால் நான்தான் சொல்லியிருப்பேன் என்று தெரிந்தது. அந்த நக்கல் என்னுடையதுதான்.

“தப்பு என்னுதுதாம்மா,” என்றேன்.

பிறகு அந்தப் பெண் பேசினாள், எங்கள் மொழியில், ஒரு பிசிறு இல்லாமல். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“தீபாவளிக்கு அவளோட நானும் வந்தா, எத்தனை தோசை சாப்பிடலாம்ப்பா?”

கணக்கு வாத்தியார் விடை கண்டுபிடிப்பதற்குள், அடுப்படியிலிருந்து வந்து நின்ற என் மனைவி, அன்றைக்குத் தானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டதாக என்னிடம் சொன்னாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“ரெண்டு பேரும் வாங்கம்மா. போதும்னு நீ சொல்ற வரைக்கும் இவருதான் நின்னு தோசை ஊத்துவாரு.”