தண்ணீர் ஊற்றாத டாங்க்

போன வாரம் நகராண்மைக் கழகத்திலிருந்து ஒருவர் எங்கள் வீட்டு செப்டிக் டாங்கைச் சோதிக்க வந்தார். அவர் மூடியைத் தூக்கக் குனிந்தபோது, நான் முந்திக்கொண்டு மூன்று தட்டுத் தட்டினேன்.

"ஏன் சார் தட்டுறீங்க?"

"உள்ள யாராச்சும் இருந்தா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். அவர் ஜப்பான்காரன் காலத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவர் இல்லையே.

நான் இருந்தேன். மலாக்காவில், காஜா பெராங் என் பகுதி. அப்போது பாதி வீடுகளில் வாளிக் கக்கூஸ்தான். வாளி எடுக்கிற ஆட்களையும் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாளி என்ன ஆகும்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்...

முனியாண்டி என்ற கொத்தனார், தன் வீட்டுக்குத் தானே செப்டிக் டாங்க் கட்டி அனுமதிக்கு மனுப் போட்டார். சிமெண்ட் எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. சோதனை சுலபம் — டாங்க் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் அனுமதி கிடையாது.

நான் போன அன்று நல்ல மழை. முனியாண்டியின் மனைவி செல்லம்மா டாங்க் மூடிமேல் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"தள்ளும்மா. தண்ணி ஊத்தணும்."

"இன்னிக்கு வேணாங்கய்யா."

"ஏன்?"

டாங்கின் காற்றுக் குழாய் இருமியது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து முடிப்பதற்குள் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் ஜப்பான் சிப்பாய்கள் இரண்டு பேர் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார்கள். வீட்டுக்குள் தேடினார்கள். பிறகு ஒருவன் புது மூடியைக் காட்டி, "புக்கா" என்றான். மலாயில் 'திற' என்று அர்த்தம்.

செல்லம்மா என்னைப் பார்த்தார்.  வீரமெல்லாம் ஒன்றும் இல்லை, பயம்தான். குழாய் மறுபடி இருமினால் மூன்று பேர் கதையும் முடிந்தது. நானே பலமாக இருமிக்கொண்டு, சிவப்பு முத்திரை போட்ட மனுவை நீட்டினேன்.

"ஜம்பான், துவான்" என்றேன். கக்கூஸ், ஐயா. நிரம்பியிருக்கிறது என்றும் மலாயில் சேர்த்துக்கொண்டேன். யோசித்தால், அதில் பொய்யும் இல்லை.

அவன் முத்திரையைப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டான். போய்விட்டார்கள்.

செல்லம்மா அப்படியே மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். நான் மனுவில் எழுதினேன்: 'தண்ணீர்ச் சோதனை ஒத்திவைக்கப்படுகிறது. காரணம், கிணற்றில் நீர்ப் பற்றாக்குறை.' எழுதும்போது மழைத் தண்ணீர் மையைக் கரைத்துக்கொண்டிருந்தது.

கிணற்றில் அந்தப் பற்றாக்குறை ஜப்பான்காரன் சரணடையும் வரை தீரவில்லை.

சரணடைந்த வாரமே முனியாண்டி அலுவலகத்துக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் அதே மனு.

"ஐயா, இப்ப தண்ணி ஊத்திப் பாக்கலாம்."

ஊற்றினோம். மறுநாள் அளந்தேன். நான்கு அங்குலம் இறங்கியிருந்தது.

"எத்தன மழை பேஞ்சிச்சு, ஒரு சொட்டு உள்ள வரலீங்களே. நான்தானே உள்ள இருந்தேன்?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

எனக்கும்தான். ஆனால் என்ன செய்வது? மனுவைத் தள்ளுபடி செய்து, மறுபடி பூசச் சொன்னேன்.

ஆளை ஒளித்துவைக்க அந்த டாங்க் தாராளமாகப் போதும். கழிவுநீர் விஷயத்தில்தான் விதி கொஞ்சம் கண்டிப்பு.