ஈடு இல்லாத கடன்

என்னை நம்பி ஒருவர் நீட்டிய கடிதத்தை நான் பொய்யாக வாசித்துச் சொன்னேன். மூன்று வருடங்களாக இதை எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். உங்களிடம் சொல்கிறேன்... நல்லவன் என்று பெயர் வாங்க அல்ல!

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் மரக்கறிக் கடை படுத்துவிட்டது. கடன்களைக் கட்ட வழியில்லை என்று வங்குரோத்துக்கு விண்ணப்பித்தேன். கடன்களை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள்: ஈடு உள்ளவை, ஈடு இல்லாதவை. ஈடு உள்ளது ஒன்றே ஒன்று, தவணைக்கு எடுத்த வான் வண்டி. கட்டாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வான் போனால் பார்சல் ஓடிப் பிழைக்கவும் வழியில்லை. ஆகவே, வங்குரோத்தானாலும் இந்தத் தவணையை மட்டும் தொடர்ந்து கட்டுவேன் என்று அந்த நிறுவனத்துக்கு மறுபடியும் கையெழுத்து வைத்தேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

ஈடு இல்லாதவற்றில், கடைசி வரியில், மலர் அக்காவின் பெயர். இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. அதோடு சீட்டும் பிடித்தார். சீட்டை முந்தி எடுத்துக் கடையில் போட்ட நான், மிச்சத்தைக் கட்டாமல் விட்டேன். மற்றவர்களுக்குத் தன் கைக்காசைப் போட்டுக் கொடுத்தார் அக்கா. அவரால் என் வீட்டிலிருந்து எதை இழுத்துக்கொண்டு போக முடியும்?

பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் போனது. அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கவுன்சில், ஆஸ்பத்திரி, பெனிபிட் உதவிப்பணம்... எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார். இதையும் கொண்டுவந்தார். முதல் வரியிலேயே என் பெயர்! இந்த ஆள் வங்குரோத்து, இனி இவரிடம் நேரே காசு கேட்க முடியாது, மிஞ்சியிருப்பதில் பங்கு வேண்டுமானால் இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்றிருந்தது.

"ஒண்டுமில்லை அக்கா, சும்மா விளம்பரம்" என்றேன்.

வெட்கத்தால் அப்படிச் சொன்னேனா? அந்த வெட்கம் வானுக்குக் கையெழுத்து வைக்கும்போது எங்கே போனது? சீ! இழுத்துக்கொண்டு போகக்கூடியவனுக்குப் பயந்தேன், நம்பியவரை ஏய்த்தேன். இதற்கு வேறு பெயர் கிடையாது.

சட்டப்படி அந்தக் கடன் அழிந்துவிட்டது. ஆனாலும் போன வருடத்திலிருந்து மாதாமாதம் அக்காவுக்குக் கட்டுகிறேன். நாணயமான பிள்ளை என்று அவர் கோயிலில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்... அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கடந்த ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தக் கடிதத்தையும் சேர்த்து.

திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா எழுந்து போய் ஒரு பை நிறையப் பழைய கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அப்ப இதுகளிலை எல்லாம் உண்மையா என்ன எழுதியிருக்கு, தம்பி?"

ஒவ்வொன்றாக மறுபடி வாசித்தேன். எல்லாம் நான் அன்று சொன்னபடியே இருந்தன. அக்கா அவற்றைத் திரும்பப் பைக்குள் அடுக்கினார்.

காசைக் கட்டி முடிப்பேன். ஒரு பென்னி குறையாமல் முடிப்பேன், அதில் மாற்றமில்லை! ஆனால் நேற்றுக் காலை, உடைக்காத கடிதமொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்கா என் வாசலைத் தாண்டி மூலையிலுள்ள மருந்துக் கடையில் நிற்கும் தமிழ்ப் பையனிடம் போனார்.