எட்டுக் கத்தரிச் செடிகளுக்கு நான் போட்ட உரம்

உர ஆலை வந்த புதிதில், மூட்டை பிடிக்கும் இடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. அக்காவின் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அதே ஆலையின் கேட்டில் காவலர். வீட்டுக்குப் பின்னால் எட்டுக் கத்தரிச் செடி வைத்திருந்தார். பறிக்கும்போதெல்லாம் நாலைந்து காய் எங்களுக்கும் வரும். நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்று தோன்றியது. கிழிந்த மூட்டையிலிருந்து தரையில் சிந்திய யூரியாவைச் சோற்று டப்பாவில் அள்ளி வந்து, அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒவ்வொரு செடிக்கும் கை நிறையப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நாளெல்லாம் அந்த உரத்தின் நடுவே நிற்பவன். எவ்வளவு போட வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

மூன்றாம் நாள் செடிகள் தலை தொங்கின. இலை ஓரம் கருகியது. அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவிடம் சொன்னார்:

"மண்ணு ஈரமாத்தான் இருக்குதும்மா. செடி தண்ணி காணாத மாதிரி வாடிக்கினு வருது. வேரு அழுவிப்போச்சு போல. இனிமே தண்ணி வுடப் போறதில்ல."

ஈரத்தில் நிற்கும் செடி ஏன் வாட வேண்டும்? எனக்கு விளங்கவில்லை.

அன்று அக்கா பாகற்காயை வில்லைகளாக நறுக்கி உப்புப் பிசறி வைத்திருந்தாள். சற்று நேரத்தில் தட்டில் தண்ணீர் நின்றது. வில்லைகள் துவண்டு கிடந்தன. அக்கா ஒரு சொட்டும் ஊற்றவில்லை. காய்க்குள் இருந்ததுதான் வெளியே வந்திருந்தது.

"என்னடா, பாவக்காய மொறைச்சிக்கினு நிக்கற? மொறைச்சா கசப்பு போயிடுமா?"

உப்பு செய்வதைத்தான் யூரியாவும் செய்கிறது என்று பட்டது. பல வருடம் கழித்து என் மகளின் பாடப் புத்தகத்தில் அதற்குப் படம் பார்த்தேன். ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு. அதன் வழியே தண்ணீர், கரைசல் கெட்டியாக இருக்கும் பக்கம் நகர்ந்துவிடும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நிறையத் தண்ணீர் விட்டு யூரியாவைக் கழுவ வேண்டும் என்பதுதான். அவரோ தண்ணீரையே நிறுத்தப் போகிறார்.

சொன்னால் டப்பாவையும் சொல்ல வேண்டும். கேட்டில் டப்பாக்களைச் சோதிப்பவர் அவர். அவர் ஆலை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தால் என் வேலை போகும். நான் பர்மனென்ட் ஆவேன் என்று அக்கா காத்திருந்தாள். வேலி வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவரே கேட்டார்.

"என்னா தம்பி, எதனா தொலைச்சிட்டியா?"

சொல்லிவிட்டேன்.

"சோத்து டப்பாவுலயா?"

"ஆமாங்கண்ணே."

"தெனம் எல்லாரோடதையும் தொறந்து பாக்கறேன். உன்னுது மட்டும் தொறந்ததில்ல. இந்தப் புள்ள வாயத் தொறக்கவே பயப்படுது, இது எங்க எடுக்கப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செடிகளைப் பார்த்துச் சொன்னேன்: "தண்ணி வுட்டுக்கினே இருக்கணும்ணே."

"அப்புறம் ஏன் நிக்கற? கொழாயத் தொற."

வழிய வழிய விட்டோம். அவர் மண்வெட்டியால் நீரை வெளியே திருப்பிக்கொண்டே இருந்தார். பிற்பாடு மூன்று செடிகள் துளிர்த்தன, ஐந்து போயின. எழுதிக் கொடுப்பாரா என்று கேட்க தண்ணீர் விட்ட அன்றும் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வெளியே வரும்போது, கேட்டில் என் முறை வந்ததும் கையை நீட்டினார். டப்பாவைக் கொடுத்தேன். திறந்தார், பார்த்தார், மூடித் தந்தார்.

"போ தம்பி" என்றார்.