செல்போன்காரர் நிற்கும் பாதை

விளாத்திகுளம் சாலையில் எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கைத் தாண்டியதும் இடதுகைப் பக்கம் ஒரு சிமெண்டுச் சிலை நிற்கிறது. பேன்ட், சட்டை, முறுக்கு மீசை, மணிக்கட்டில் வாட்ச். வலது கையால் செல்போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் சிலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாச் சிலையும் சாலையைப் பார்த்துத்தான் நிற்கும். இவர் மட்டும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் நிலத்தைப் பார்க்கிறார். சும்மா பார்ப்பாரா?

அவர் நிற்பது என் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையின் வாசலில். அப்பா எனக்கென்று எழுதிவைத்த கரிசல் அது. பாதை ஒரு டிராக்டர் நுழையும் அகலம்தான். வேறு வழி கிடையாது. பக்கத்து நிலம் சித்தப்பாவுடையது. கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு எதற்கு நிலம் என்று அப்பா இருக்கும்போதே கேட்டவர். ஆவணி மாதத்தில் ஒரு காலை, பாதையை மறித்துக்கொண்டு இந்த ஆள் முளைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வேறு யார் முகமும் ஞாபகம் வரவில்லை.

தூக்கிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் வந்து தூக்கிப் பாருங்கள். யாரென்று தெரியாத சிலையைத் தொட்டால், மறுநாளே வேன் வேனாக ஆள் வந்து இறங்கி, எங்கள் தலைவர்மேல் எவன் கை வைத்தான் என்று சாலையில் உட்கார்ந்துவிடுவார்கள். தலையாரி சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இவிய யாரு ஆளுன்னு தெரியாம கை வைக்கப்படாதும்மா. கொஞ்ச நாள் பாப்போம். யாரும் தேடி வரலைன்னா நவட்டிருவோம்" என்றார்.

சரி, உழவுக்கு முன்னால் நகர்ந்தால் போதும் என்று பொறுத்துக்கொண்டேன். கரிசலில் நல்ல மழை விழுந்துவிட்டால் டிராக்டர் இறங்க முடியாது, சக்கரம் புதைந்துவிடும். அதற்குள் உழவில்லை என்றால் அந்த வருடம் நிலம் தரிசுதான்.

கோவில்பட்டியில் சிலை செய்கிறவர் ஒருவரிடம் போட்டோவைக் காட்டி விசாரித்தேன். "இது நம்ம வேலை இல்லம்மா, நாங்க மூக்கை இப்படி வைக்க மாட்டோம்" என்றார். அவரையும் நான் முழுசாக நம்பவில்லை.

சில நாளில் சிலையின் நெற்றியில் குங்குமம் ஏறியது. தலைவரைக்கூட எப்படியாவது நகர்த்திவிடலாம். சாமியை நகர்த்த எவனும் வரமாட்டான். ஆக, இதுதான் சித்தப்பாவின் திட்டம். அது சித்தி வீட்டுக் குங்குமம் என்றே முடிவுகட்டிவிட்டேன். நிறத்தைப் பார்த்தால் தெரியாதா?

அன்றிலிருந்து தினமும் காலையில் தையல் கடைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்துவேன். கேனில் கொண்டுவந்த தண்ணீரைத் தலையோடு ஊற்றி, பழைய துணியால் நெற்றியை அழுத்தித் துடைப்பேன். வாடிய மாலையைக் கழற்றுவேன். எலுமிச்சம்பழம் கிடந்தால் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வேன். எரிச்சலில் வாய்க்குள் சித்தப்பாவைத் திட்டிக்கொண்டேதான் இத்தனையும் செய்தேன். ஆனால் துடைக்கத் துடைக்கக் குங்குமம் கூடிக்கொண்டே போனது.

ஒருநாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்தவள் தலையை நீட்டினாள்.

"யக்கா, சாமிக்கு எந்தக் கெழமை விசேஷம்? நீங்க தெனமும் குளிப்பாட்டி, மந்திரம் சொல்லிக் கும்பிடுததைப் பாத்துக்கிட்டேதான் போறோம்."

"ஏட்டி, இது சாமியே இல்ல!"

"அப்படிச் சொல்லணும்னு அவிய உத்தரவா இருக்கும்" என்று அடுத்திருந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எந்நேரமும் மேல பேசிக்கிட்டே இருக்காருல்லா. நம்ம கொறைய ஒடனே சொல்லிருவாரு."

வேன் போய்விட்டது. நான் ஈரத்துணியும் கையுமாக நின்றேன். சாமியாக்கியவள் நான். பூசாரியும் நானேதான். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

வண்டியைத் திருப்பி நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். "சிலைய நீங்கதான வச்சிய?" என்று கேட்டேவிட்டேன்.

சித்தப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "நீதான் வச்சேன்னு நாங்க பேசிக்கிட்டிருக்கோம். எங்க வரப்பையும் சேத்து வளைக்கத்தான் பாக்குதன்னு ஒங்க சித்தி சொல்லுதா. தெனமும் அபிஷேகம் பண்ணுதது நானா, நீயா?"

கேன் தொங்கிய ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போனேன்.

மேகம் இறங்கிய அன்று டிராக்டரை வரச் சொன்னேன். டிரைவர் சிலையைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். "யக்கா, நீங்களே கும்பிடுத சாமி. நான் எப்படி நவட்டுவேன்?" என்றான். தலையாரி போனை எடுக்கவில்லை. தெற்கே இடி உறுமியது. இந்த வருடம் போச்சு என்று பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என் நெலத்து வழியா விடு தாயி. மழை வந்துரும்."

சித்தப்பா. அவரே வேலி முள்ளை விலக்கி, டிராக்டருக்குக் கை காட்டினார். இருட்டுவதற்குள் உழவு முடிந்தது. அந்த வருடம் உளுந்தும் நன்றாகவே வந்தது.

சிலை அங்கேயேதான் நிற்கிறது. இப்போது தகரக் கூரையும் போட்டுவிட்டார்கள். வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அப்பா கொடுத்த நிலத்தை உழ, வருடாவருடம் நான் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். "அதுக்கென்ன தாயி, தாராளமா வா" என்கிறார். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் உதட்டோரத்தில் சிரிப்பு ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்க்கிறேன். இதுவரை அகப்படவில்லை.