சயாம் மேல் ஊற்றிய தண்ணீர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, எனக்கே இன்னும் புரியவில்லை.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் பகாவ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். சயாமில் ரயில் பாதை போட என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றிப் போய் ஐந்து மாதம், ஒரு தகவலும் இல்லை. வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய பங்களாவில் ஜப்பானிய அதிகாரி ஒருவன் இருந்தான். நான் அங்கே கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தேன்.

கூடத்துச் சுவரில் துரையின் பழைய உலகப் படம் தொங்கியது. கப்பலில் நாடு தேடிப் போனவர்கள் காலத்தில் வரைந்ததாம். கடலெல்லாம் பாய்மரக் கப்பல், கப்பலைவிடப் பெரிய மீன், மூலையில் கன்னத்தை உப்பிக் காற்று ஊதுகிற முகங்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. சமையல்காரர் வேலுவைக் கேட்டேன்.

"சயாம் எங்கண்ணே இருக்கு?"

"இந்தா, இதான். நாம கீழ இருக்கோம், இந்த வால் மாதிரி."

இரண்டு விரல் தூரம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்திலா இருக்கிறார் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அதிகாரி வெளியே போயிருந்தான். படத்தைத் தூசி தட்டும்போது அந்த இடத்தில் விரல் பட்டது, காய்ச்சல்காரர் உடம்பு மாதிரி சுட்டது. "பொன்னம்மா, தண்ணி" என்று காதோரம் அவர் குரல். சத்தியமாக அவர் குரல்தான். என்ன நினைத்தேனோ, மேசையிலிருந்த தண்ணீர்த் தம்ளரை எடுத்து அந்த இடத்தில் வைத்துச் சாய்த்துவிட்டேன்.

"ஐயோ, என்னா பண்ற? அவன் பாத்தா தலைய எடுத்துருவான் லா!" வேலு துணியோடு ஓடிவந்தார். படத்தைத் தடவினார், சுவரைத் தடவினார், தரையையும் தடவினார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"தண்ணி எங்க, பொன்னம்மா?"

காலித் தம்ளரைத் துடைத்து மேசையில் வைத்தேன்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. என் வீட்டுக்காரர் வரவில்லை. அவரோடு சயாமில் இருந்த, தெமியாங் என்ற ஊர்க்காரர் ஒருவர், எலும்பும் தோலுமாக, என்னைத் தேடி வந்தார்.

"காலரா கொட்டாயில பக்கத்து பக்கத்துல கெடந்தோம்க்கா. ஒங்க பேரச் சொல்லி தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒரு மத்தியானம் மேலேர்ந்து தண்ணி விழுந்துச்சு. மழயும் இல்ல, ஆளும் இல்ல. ஒரு தம்ளர் இருக்கும். அது என் வாயில விழுந்துச்சுக்கா. அவரு சாயங்காலமே போயிட்டாரு."

அவருக்குச் சோறு போட்டு அனுப்பினேன். படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலு காட்டிய இடம்தான் தப்பா, இல்லை என் கைதான் ஒரு நூல் தள்ளிப் போயிற்றா, இன்றைக்கும் தெரியவில்லை.