செமோருக்குப் பக்கத்து ஊர்

செமோரில் ஒரு முடிவெட்டும் கடையின் கண்ணாடி மூலையில் பத்திரிகைத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. ஈப்போவில் ஒரு பாலத்தைப் பழுதுபார்த்துத் திறந்த செய்தி, நான்கே வரி. தாள் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. எழுதியவர் கடைக்காரர். திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான்.

அப்போது மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தமிழ் நாளிதழின் கிளை அலுவலகத்தில் நான் துணையாசிரியர். அவர் பகலில் முடி வெட்டுவார், மாலையில் எங்கள் செமோர் நிருபர். எங்கள் நிருபர்களுக்கு ஊர்ப் பெயரை வெறுமனே எழுதும் வழக்கமே இல்லை. தைப்பிங் நிருபருக்குத் தன் ஊர் எப்போதும் மழை நகரம். தெலுக் இந்தானில் வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் அது சாய்ந்த கோபுர நகரில்தான் புகும். புந்தோங்கிலிருந்து வரும் கோயில் கூட்டச் செய்தியில்கூடக் கச்சான் பூத்தே என்னும் வறுகடலை மணக்கும். ஈப்போவைக் கோடீஸ்வரர் நகரம் என்று எழுதுபவர்களிடம், எங்கள் அலுவலகத்தின் சுழலாத மின்விசிறியைக் காட்டத் தோன்றும்.

செமோருக்குப் பட்டம் ஏதுமில்லை. வாசகருக்குப் புரியட்டும் என்று "ஈப்போவுக்கு அருகிலுள்ள செமோரில்" என்று நான் சேர்ப்பேன். மறுநாள் காலை தவறாமல் அவரிடமிருந்து தொலைபேசி வரும். அவர் பிறந்த ரப்பர் தோட்டம் அழிக்கப்பட்டு, வேறு பெயரில் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஊர் எது என்று கேட்டால் அவர் சொல்வதற்கு மிஞ்சியது செமோர்தான். "தோட்டத்துப் பேரு போச்சு. இருக்கிற ஊரையும் ஈப்போவுக்குக் கொல்லப்புறமா ஆக்கிட்டீங்களே தம்பி," என்பார். நிஜமான பட்டம் ஒன்றைக் கொண்டுவாருங்கள் அண்ணே, அந்த 'அருகிலுள்ள'வை எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கொண்டுவந்தார். தண்ணீர் வற்றாத நகரம் என்று எழுதி அனுப்பிய வாரமே குழாய்கள் காய்ந்தன; அந்தச் செய்தியையும் அவரே எழுத வேண்டியதாயிற்று. அமைதி நகரம் என்று தொலைபேசியில் சொன்னபோது, அவர் குரலுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் உறுமின. எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். மாதக் கூட்டத்தில் தெலுக் இந்தான் நிருபர் விடமாட்டார். "உங்க ஊருக்குப் பட்டம் என்னாத்துக்கு மச்சான்? ஒரு அம்புக்குறி போட்டு ஈப்போன்னு எழுதினா போதும்லா."

"ஒங்க கோபுரம் நிமிந்துட்டா, அப்புறம் ஒங்க ஊருக்குப் பேரு என்னா?" என்று இவர் திருப்பிக் கேட்பார்.

ஒருமுறை தைப்பிங் நிருபரின் மகள் திருமணத்துக்கு எல்லோரும் ஒரே வேனில் போனோம். மழை நகரம் தன் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. திரும்பும் வழியெல்லாம் மழை. பழைய சாலையில், சரியாகச் செமோரில், வண்டி நின்றுவிட்டது. செமோர் நிருபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினார். மலாய்க்கார மெக்கானிக் ஒருவரோடு திரும்பி வந்தார். தன் கடையைத் திறந்து எங்களை உட்காரவைத்தார். எதிர்ப்புறச் சீனர் கடையிலிருந்து காப்பியும் சுட்ட ரொட்டியும் வந்தன. ஈரத் தலைகளைத் துவட்டிவிட்டு, ஒவ்வொருவருக்கும் எண்ணெய் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். வண்டி சரியாகி, ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். ஒருவரும் எழவில்லை.

கடைசியாக நாற்காலியில் இருந்தவர் தெலுக் இந்தான் நிருபர். கழுத்தில் துண்டோடு, கண்ணை மூடியபடியே, கடைத் தொலைபேசியில் மனைவிக்குத் தகவல் சொன்னார். "செமோர்ல இருக்கேன்." மறுமுனையில் மனைவி ஏதோ கேட்டார். "செமோர் தெரியாதா? ஈப்போ இருக்குல்ல, அது செமோருக்குப் பக்கத்துலதான்."

கடை சிரிப்பில் அதிர்ந்தது. அவர் தலைமேலிருந்த கைகள் மட்டும் அப்படியே நின்றன. பிறகு செமோர் நிருபர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, மறுபடி முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் பாலச் செய்தி வந்தது. செமோர் பேருந்துகளைப் பல வாரம் சுற்றிப்போக வைத்த பாலம் அது. முதல் வரி, "செமோருக்கு அருகிலுள்ள ஈப்போவில்" என்று தொடங்கியது. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். இரண்டு முறை படித்தேன். தகவலில் பிழையில்லை. பேனாவை மூடினேன்.

போன மாதம் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். அந்தப் பக்கம் புதிய வீடுகள் கட்டுகிறவர்கள் செமோரை இப்போது "வட ஈப்போ" என்கிறார்கள். அப்படி அச்சடித்த பளபளப்பான விளம்பரத் தாள்கள் கடையில் ஒரு கட்டு இருந்தன. ஏன் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிடரியை மழித்து, கத்தியிலிருந்த நுரையை ஒரு தாளில் வழித்தார். "நல்ல தாளு தம்பி. ஊறவே ஊறாது."

நுரைக்கடியில் வட ஈப்போ மறைந்தது. கண்ணாடி மூலையில் அந்தப் பாலம் அப்படியே இருந்தது, செமோருக்கு அருகில்.