காலருக்கு வைக்கிற சூடு

ஈயம் பற்றவைக்கும் தொழிலில் பாதி வேலை சர்க்யூட் போர்டைச் சரிபண்ணுவது. மீதிப் பாதி, நமக்கு முன்னால் அதைச் சரிபண்ணியவர்களின் கைவரிசையைச் சரிபண்ணுவது. சால்டரிங் அயர்னில் விரல் சுட்டுக்கொண்ட சக பாவிகளுக்கு இது புரியும்.

இஸ்திரி போட்ட போர்டு

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதிதான் என் பட்டறை. புதியம்புத்தூரிலிருந்து செல்வி பஸ் பிடித்து வந்தாள். சின்னத் தையல் யூனிட் வைத்திருப்பவள். சட்டைக்குப் பட்டன் துளை போடும் காஜா மிஷினின் போர்டு படுத்துவிட்டது. இருப்பதே ஒரு மிஷின். திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடச் சட்டை முந்நூறு போக வேண்டும். தவறினால் ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்கு. புதுப் போர்டு வரப் பத்து நாள் ஆகும் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டாராம்.

போர்டைத் திருப்பினேன். பிளாஸ்டிக் சாக்கெட் ஒன்று அப்பளமாய் வளைந்திருந்தது. "ஏட்டி, இத என்ன செஞ்ச?" சூடு காட்டினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை வைத்திருக்கிறாள். நான் முறைத்ததும் சொன்னாள்: "காலருக்கு வைக்கிற சூடுதாங்க்கா வச்சேன், காட்டனுக்குக்கூடத் திருக்கல."

தட்டினால் ஓடும்

அவள் இருக்கும்போதே தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி இன்வெர்ட்டரோடு வந்துவிட்டார். "முதல்ல இதப் பாரும்மா. ரெண்டு வருஷமா தட்டுனா ஓடிச்சு, இப்ப ரொம்பத் தட்ட வேண்டியிருக்கு." தட்டினால் ஓடுகிறது என்றால் உள்ளே எங்கோ ஈயம் பிடி விட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை ரெண்டு வருஷம் அடித்து வளர்க்கக் கூடாது என்றேன். வரிசையில் அவர் இரண்டாவது என்பதையும், ஏன் என்பதையும் சொன்னேன். செல்வியின் முகத்தை ஒருதரம் பார்த்தார். "பிள்ளைகளுக்குச் சட்டை போகட்டும், நான் இன்னும் ரெண்டு நாள் தட்டிக்கிடுதேன்."

மயிரிழை

செல்வியின் போர்டை லென்ஸில் பார்த்தால், மோட்டார் கனெக்டரின் காலைச் சுற்றி மயிரிழை வளையமாய் விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்தேன். வளைந்த சாக்கெட்டுக்குப் பழைய டிவி போர்டிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டேன். புது ஈயம் உருகி, காலைச் சுற்றிப் பளபளவென்று ஏறி நின்றது. ஆனால் மிஷின் இருப்பது புதியம்புத்தூரில்; இங்கே ஓட்டிப் பார்க்க வழியில்லை. "ஓடுமாக்கா?" என்றாள். பொய் சொல்லக் கூடாதென்று கான்வென்டில் ஸ்கேலால் அடித்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "தெரியாது" என்றேன்.

போர்டோடு அவள் பஸ் ஏறினாள். சாயங்காலம் போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, தடதடவென்று ஒரே சத்தம். அதற்கு மேலே கத்தினாள் செல்வி: "யக்கா, நாப்பது சட்டைக்குக் காஜா ஆயிட்டு! போன வைங்க, பேச நேரமில்ல!"

வாடிக்கையாளருக்கு நம்மோடு பேச நேரமில்லாமல் போனால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், இந்தத் தொழிலில் அதற்கு மேல் மரியாதை எதிர்பார்ப்பது பேராசை.